ஜார்ஜியா கில்மோருக்கு ஒரு கேக் போதுமா?

மாவு ஒரு பவுண்டு, வெண்ணெய் ஒரு பவுண்டு, சர்க்கரை ஒரு பவுண்டு, முட்டை ஒரு பவுண்டு. எல்லாம் சம எடை. பவுண்டு கேக் என்ற பெயர் வந்ததே இந்தக் கணக்கால்தான். (ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். வெண்ணெயின் அளவைப் பார்த்து யாரும் மயங்கி விழ வேண்டாம், ஒரு பெரிய குடும்பத்துக்கே போதுமான கேக் அது.)

இந்தக் கேக்கைச் சுட்டு, 'இது ஜார்ஜியா கில்மோர் நினைவாக' என்று சொல்லிப் பரிமாறுகிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவரைப் பற்றிக் குழந்தைகளுக்காக இரண்டு படப் புத்தகங்கள்கூட வந்துவிட்டன. 2018-ல் டீ ரொமிட்டோ எழுதியதன் தலைப்பு 'பை'களோடு தொடங்குகிறது. (கையில் தொங்கும் பை இல்லை. பழத்தையோ கிழங்கையோ உள்ளே வைத்து அடுப்பில் சுடும் பண்டம்.) 2022-ல் மாரா ராக்லிஃப் எழுதியதன் தலைப்பு 'இனிப்பான நீதி' என்கிறது. சமையல் எழுத்தாளர்கள் அவர் பெயரைச் சொல்லி அளவு, சூடு, நேரம் எல்லாம் கொடுக்கிறார்கள். யாரும் அறியாத ஒரு போராளியை ஒரு துண்டு கேக்கோடு அறிமுகம் செய்வது நல்ல காரியம்தானே, இதிலென்ன குறை கண்டுவிட்டீர்கள் என்று கேட்கலாம்.

குறை இருக்கிறது. கேக் ஞாபகத்தில் நிற்கிறது. அந்தக் கேக்கை வைத்து அவர் என்ன செய்தார் என்பது கழன்று விழுந்துவிடுகிறது. ஒரு போராட்டத்துக்குக் காசு திரட்டியவரை, வேலை போகும் என்று தெரிந்தும் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னவரை, ஒரு நகராட்சியையே கோர்ட்டுக்கு இழுத்தவரை, 'நல்லா சமைப்பாங்க' என்ற ஒரு வரிக்குள் மடித்து வைப்பதற்கு மரியாதை என்று பெயர் சூட்டக் கூடாது.

சரி, கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

1955-ல் அலபாமா மாநிலத்தின் தலைநகரான மாண்ட்கோமரியில் பஸ் ஏறுவது எப்படி என்றால்: முன்வாசலில் ஏறி 10 சென்ட் கட்டணத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் வெள்ளையர் என்றால் அப்படியே உள்ளே போய் உட்காரலாம். கருப்பர் என்றால் பல டிரைவர்கள் மறுபடி கீழே இறங்கச் சொல்வார்கள். இறங்கி, வெளியே நடந்து போய், பின்வாசலில் ஏற வேண்டும். காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஆள் பின்வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிற புண்ணியவான்களும் உண்டு. முன்பக்கத்துப் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு. அவை காலியாகவே கிடந்தாலும் கருப்பர் நின்றுகொண்டுதான் போக வேண்டும். இத்தனைக்கும் அந்த பஸ்களில் போனவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கருப்பர்கள்! கம்பெனி பிழைப்பது அவர்கள் காசில், மரியாதை மட்டும் மற்றவர்களுக்கு.

1955 அக்டோபரில் ஜார்ஜியா கில்மோருக்கு நடந்தது இதேதான். முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்தார். இறங்கிப் பின்னால் வா என்றார் டிரைவர். இறங்கினார். பஸ் போய்விட்டது. இனிமேல் இந்த பஸ்ஸில் கால் வைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தார். ரோசா பார்க்ஸ் கைதானது டிசம்பர் 1-ம் தேதி. ஊரே சேர்ந்து பஸ்ஸைப் புறக்கணிக்கத் தொடங்கியது டிசம்பர் 5. அதாவது ஊர் முடிவெடுப்பதற்கு இரண்டு மாதம் முன்பே இவர் தனியாளாகப் புறக்கணிப்பைத் தொடங்கியிருந்தார்.

அப்போது அவருக்கு 35 வயது. ஆறு பிள்ளைகளின் தாய். நேஷனல் லஞ்ச் கம்பெனி என்ற சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி வேலையும் செய்திருக்கிறார். பெரிய படிப்பு இல்லை, பதவி இல்லை. வாய்க்கு மட்டும் குறைவில்லை. எதிரில் நிற்பவர் கருப்பரோ வெள்ளையரோ, தப்பு என்று பட்டால் கையை ஓங்கத் தயங்காதவர் என்று பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். (படப் புத்தகத்தில் வரையப்படும் சிரித்த முகத்து அம்மாவோடு இதைச் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.)

டிசம்பர் 5 இரவு ஹோல்ட் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் சர்ச்சில் பொதுக்கூட்டம். உள்ளே இடமில்லாமல் தெருவெல்லாம் ஜனம். 26 வயது மார்ட்டின் லூதர் கிங் பேசினார். அந்தப் பேச்சைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியாயிற்று, படம் எடுத்தாயிற்று. எழுதப்படாத விஷயம் வேறு. கூட்டம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறது. மறுநாள் காலையில் வேலைக்கு எப்படிப் போவது?

இங்கேதான் போராட்டத்தின் உண்மையான கஷ்டம் ஆரம்பிக்கிறது. தினமும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்கள் ஏறக்குறைய 40 ஆயிரம் பேர். பெரும்பாலானோர் வெள்ளையர் வீடுகளில் சமைப்பவர்கள், துணி துவைப்பவர்கள், தோட்ட வேலை, கூலி வேலை செய்பவர்கள். முதலில் கருப்பர்களின் டாக்ஸிகள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆள் ஏற்றின. நகராட்சி உடனே பழைய விதியைத் தூசி தட்டியது: டாக்ஸி என்றால் குறைந்தது 45 சென்ட் வாங்கியாக வேண்டும். அந்த வழி அடைபட்டது. அப்புறம்தான் கார்களைப் பகிர்ந்து ஓட்டும் ஏற்பாடு. சுமார் 300 கார்கள். ஊர் முழுக்க ஏறவும் இறங்கவும் இடங்கள் குறித்து, யார் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஓட்டுவது என்று பட்டியல் போட்டு நடத்தினார்கள். சர்ச்சுகளின் பெயரில் ஸ்டேஷன் வேகன்கள் வாங்கினார்கள். உள்ளூர் இன்சூரன்ஸ்காரர்கள் கைவிட்டபோது லண்டனின் லாய்ட்ஸ் வரை போய் இன்சூரன்ஸ் எடுத்தார்கள்.

இதெல்லாம் நடத்த மாண்ட்கோமரி முன்னேற்றச் சங்கத்துக்கு மாதாமாதம் ஆயிரக்கணக்கான டாலர் வேண்டியிருந்தது. பெட்ரோல், டயர், ரிப்பேர், டிரைவர் கூலி, அலுவலகச் செலவு. என்னதான் உருக்கமாகப் பேசினாலும் பேச்சை ஊற்றி வண்டி ஓட்ட முடியாதே.

கில்மோர் கண்டுபிடித்த வழி இது. முதல் கூட்டங்களிலேயே கோழி வைத்த சாண்ட்விச் செய்து கொண்டுவந்து விற்றார், வந்த காசைச் சங்கத்திடம் கொடுத்தார். பிறகு தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்தார். பவுண்டு கேக், சர்க்கரைவள்ளிக் கிழங்கு பை, பொரித்த மீன், பன்றி இறைச்சி, கீரை, சாதம் என்று அவரவர் வீட்டு அடுப்பில் தயாராகும். பியூட்டி பார்லர், துணி வெளுக்கும் கடை, டாக்ஸி ஸ்டாண்ட், சர்ச் வாசல் என்று விற்கும். காசு கில்மோர் கைக்கு வரும். அந்தக் குழுவுக்கு அவர் வைத்த பெயர்தான் விஷயமே: 'எங்கிருந்தும் வராதோர் சங்கம்'. பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை!

வேடிக்கையாகத் தெரியும். அன்றைய மாண்ட்கோமரியில் அது வேடிக்கை இல்லை. 1956 ஜனவரியில் மேயர் கேய்லும் நகராட்சியின் மற்ற இரண்டு கமிஷனர்களும் வெள்ளையர் கவுன்சிலின் உறுப்பினர்கள். வேலைக்காரப் பெண்களைத் தன் காரில் கூட்டிவந்து கூட்டிப் போகும் வெள்ளைக்கார இல்லத்தரசிகளை மேயரே கண்டித்தார். ஜனவரி 30-ம் தேதி கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. சமையல்காரப் பெண் ஒருத்தி போராட்டத்துக்குக் காசு திரட்டுகிறாள் என்று எஜமானிக்குத் தெரிந்தால் மறுநாள் வேலை இல்லை. வாடகை வீடு என்றால் வீடும் இல்லை. ஆகவே கேக் செய்தது யார், வாங்கியது யார், காசு கொடுத்தது யார் என்ற முழு விவரமும் கில்மோர் ஒருவருக்குத்தான் தெரியும். கொடுத்தவர்களில் வெள்ளையர்களும் உண்டு, அவர்களுக்கும் பெயர் வெளியே வரக் கூடாது.

நம் ஊர்க் கல்யாண வீட்டில் மொய் நோட்டைப் பார்த்திருப்பீர்கள். பெயர், ஊர், தொகை மூன்றும் இருக்கும், அதிலும் பெயர்தான் முக்கியம். நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டுமே! கில்மோர் நடத்தியது இதற்கு நேர் எதிரான மொய். தொகை மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்கப்படும். பெயர் எதுவும் எந்த நோட்டிலும் ஏறாது. போலீஸ் வந்து வீட்டைப் புரட்டிப் போட்டாலும் ஒரு பெண்ணும் சிக்க மாட்டாள். இப்படி ஒரு ஏற்பாட்டைத் திட்டம் போட்டு நடத்துகிறவருக்குப் பெயர் என்ன? அமைப்பாளர். அடுப்பு அவருடைய ஆபீஸ், அவ்வளவுதான்.

வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், சர்ச்சில் பொதுக்கூட்டம். கில்மோர் எழுந்து வந்து அந்த வாரத் தொகையை அறிவித்து ஒப்படைப்பார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும், கால் தட்டும். ஊரின் இன்னொரு பக்கத்தில் ஐனஸ் ரிக்ஸ் என்ற பெண் 'நட்புச் சங்கம்' என்ற பெயரில் போட்டிக் குழு தொடங்கினார். அப்புறமென்ன, இந்த வாரம் யார் அதிகம் கொண்டுவந்தது என்று இரண்டு குழுவுக்கும் பந்தயம். கூட்டத்தில் சிரிப்பு, ஆரவாரம். எப்போது முடியும் என்றே தெரியாத ஒரு போராட்டத்தில் வாராவாரம் ஜனங்களைக் கூட்டத்துக்கு இழுத்துவருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

'யாரும் அறியாதவர்' என்று அவரைச் சொல்கிறார்களே, அந்தச் சொல்லே தப்பு. 1956-ல் அவரை அறியாதவர் அந்த சர்ச்சுகளில் யாரும் இல்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள். அவரை அறியாதவராக ஆக்கியது பிற்பாடு எழுத வந்தவர்கள். பேச்சுகளை வரிவரியாகக் குறித்துவைத்தார்கள். அந்தப் பேச்சு முடிந்ததும் எண்ணப்பட்ட சில்லறையைக் குறிக்க மறந்தார்கள். 1990-ல் அவர் இறந்தபோது விட்டுப்போன இரங்கல் குறிப்பை நியூயார்க் டைம்ஸ் 2019-ல், 29 வருடம் கழித்து, எழுதியது. அதன் தலைப்பு இரண்டையும் சொன்னது: சோறும் போட்டார், காசும் கொடுத்தார். அப்படிச் சேர்த்துச் சொல்லும் நேர்மை கேக் சுடுகிறவர்களிடம் காணோம்.

இதற்கு மூன்று பதில்கள் வரும்.

ஒன்று, அவர் திரட்டியது சின்னத் தொகைதானே என்பது. வாரத்துக்கு 125-லிருந்து 200 டாலர் வரை என்று எழுதியிருக்கிறார்கள். போராட்டத்தின் பெரும் பணம் வெளியூர்களிலிருந்து, வடக்கு மாநிலச் சர்ச்சுகள், தொழிற்சங்கங்கள், அமைப்புகளிடமிருந்து வந்தது. உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு அமெரிக்காவில் பெட்ரோல் ஒரு காலன் சுமார் 30 சென்ட். 150 டாலர் என்றால் 500 காலன், கிட்டத்தட்ட 1,900 லிட்டர். வாராவாரம்! 300 கார்களுக்குப் பிரித்தால் காருக்கு ஆறு லிட்டருக்கு மேல். சின்னத் தொகையா? அதைவிட முக்கியமானது, வெளியூர்ப் பணம் வர ஒரு காரணம் வேண்டும். பத்திரிகையில் செய்தி வர வேண்டும், தலைவர் போய்ப் பேச வேண்டும், யாரோ மனமிரங்க வேண்டும். கில்மோரின் பணம் எந்த மனமிரங்கலுக்கும் காத்திருக்கவில்லை. அதைக் கொடுத்தவர்கள் தினமும் நடந்தே வேலைக்குப் போனவர்கள். ஒரு துண்டு கேக்கின் விலை கொடுக்க முடிந்தவர் எவரும் போராட்டத்துக்குப் பங்கு கொடுத்தவர் ஆகிவிட்டார். கொடி பிடிக்க முடியாதவருக்கும், கைதாக முடியாதவருக்கும், வேலையை விட முடியாதவருக்கும் அதில் இடமிருந்தது.

இரண்டாவது பதில், பஸ் வழக்கைக் கோர்ட்தானே தீர்த்தது என்பது. பிரௌடர் எதிர் கேய்ல் வழக்கு. ஆரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், 15 வயதில் கைதான க்ளோடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித் என்று நான்கு பெண்கள் தொடுத்தது. 1956 ஜூனில் தீர்ப்பு, நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, டிசம்பர் 20-ல் உத்தரவு ஊருக்கு வந்து சேர்ந்தது. மொத்தம் 381 நாள். சட்டப்படி ஜெயித்தது வழக்கால்தான். ஆனால் கோர்ட் தன் வேகத்தில் நகரும். அதுவரை ஜனங்கள் என்ன செய்வார்கள்? நான்காவது மாதம் காசில்லாமல் கார்கள் நின்றிருந்தால், தலைகுனிந்து பஸ்ஸுக்குத் திரும்பியிருப்பார்கள். பிறகு தீர்ப்பு வந்து யாருக்கு என்ன பயன்? அந்த 381 நாளுக்குப் பெட்ரோல் ஊற்றியவர்களை வரலாற்றின் சமையலறையில் உட்கார வைக்கிறோம், தீர்ப்பு எழுதியவர்களுக்கு வரவேற்பறை.

மூன்றாவது பதில்தான் கொஞ்சம் கனமானது. கேக்கைக் குறை சொல்வதே பெண்களின் வேலையை மட்டம் தட்டுவது இல்லையா? சமையல் என்றால் இளக்காரமா?

இளக்காரமாகப் பார்ப்பது யார் என்பதுதான் கேள்வி. ஆண் ஒருவர் போராட்டத்துக்கு நிதி திரட்டினால் அவர் பொருளாளர். பெண் திரட்டினால் அவருடைய கைமணம். ஆணுக்குக் கணக்கு, பெண்ணுக்கு ருசி. கில்மோரின் சமையலை உண்மையாகவே மதிக்கிறவர்கள், அதை அவர் எதற்காகச் செய்தாரோ அதோடு சேர்த்து மதிக்க வேண்டும். ரோசா பார்க்ஸுக்கும் இதே அநியாயம் நடந்தது. வேலை முடிந்து களைத்துப்போன தையல்காரி, கால் வலியில் எழுந்திருக்கவில்லை என்று எத்தனை பாடப் புத்தகங்கள் சொல்லிக்கொடுத்தன! அவர் பல வருடங்களாக என்.ஏ.ஏ.சி.பி.யின் உள்ளூர்க் கிளைச் செயலாளர், கைதாவதற்கு முந்தைய கோடையில் டென்னசியின் ஹைலாண்டர் பள்ளியில் பயிற்சிக்குப் போய்வந்தவர். அந்தப் புறக்கணிப்பை ஒரே ராத்திரியில் பல்லாயிரம் துண்டறிக்கைகள் உருட்டித் தொடங்கிவைத்த ஜோ ஆன் ராபின்சன் கல்லூரி ஆசிரியை. ஒருவரைக் களைப்பாக்கினார்கள், ஒருவரை மறந்தார்கள், ஒருவரைக் கேக்காக்கினார்கள். திட்டம் போட்ட பெண் என்ற ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை போலிருக்கிறது.

கில்மோரின் கதையில் கேக்கே இல்லாத பக்கங்களும் உண்டு. அவற்றைத்தான் யாரும் பரிமாறுவதில்லை.

1956 பிப்ரவரியில், 1921-ம் வருடத்துப் புறக்கணிப்புத் தடைச் சட்டம் ஒன்றைத் தோண்டி எடுத்து 89 பேர் மேல் குற்றம் சாட்டினார்கள். மார்ச்சில் கிங் மீது விசாரணை. பஸ்ஸில் நடந்த கொடுமைகளைச் சொல்ல சாட்சிகள் தேவைப்பட்டார்கள். கில்மோர் கூண்டில் ஏறினார். ரகசியச் சங்கம் நடத்தியவர், தன் சொந்தப் பெயரில், வெள்ளைக்கார நீதிபதி முன்னால், அக்டோபரில் நடந்ததை அப்படியே சொன்னார். பெட்டிக்குள் விழுந்த பிறகு கருப்பர் காசு எது வெள்ளையர் காசு எது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியுமா என்கிற அர்த்தத்தில் அவர் சொன்னது இன்றுவரை பேசப்படுகிறது. மற்ற பெண்களின் பெயரைக் காப்பாற்றியவர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. கிங்குக்கு 500 டாலர் அபராதம், கோர்ட் செலவுக்கு இன்னொரு 500. கில்மோருக்கு வேலை போயிற்று.

ஆறு பிள்ளைகள், வேலை இல்லை. வீட்டிலேயே சமைத்து விற்கும்படி கிங் சொன்னார், பாத்திரம் வாங்கப் பணமும் கொடுத்தார். டெரிகோட் தெருவில் இருந்த அவருடைய சின்ன வீடு சாப்பாட்டுக் கடையானது. விடியும் முன்பே எழுந்து அடுப்பு மூட்டுவார். வக்கீல், பாதிரியார், கூலியாள், போலீஸ்காரர் எல்லாரும் ஒரே மேஜையைச் சுற்றி இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கிங் ரகசியமாகப் பேச வேண்டியவர்களை அங்கே அழைத்துவந்தார். கருப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட நகரத்தின் ஓட்டல்கள் இடம் கொடுக்காத காலம் அது. இப்போது அந்த வீட்டு வாசலில் ஒரு வரலாற்றுப் பலகை நிற்கிறது.

1957-ல் அவருடைய மகன் மார்க், வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட ஓக் பார்க் வழியாகக் குறுக்கே நடந்ததற்காகப் போலீஸாரிடம் அடி வாங்கினான். பூங்காவைக் கடந்தான், அவ்வளவுதான் குற்றம். 1958-ல் கில்மோர் குடும்பமும் வேறு சிலரும் வழக்குப் போட்டார்கள்: கில்மோர் எதிர் மாண்ட்கோமரி நகராட்சி. 1959-ல் பூங்காக்களில் பாகுபாடு கூடாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகராட்சி அதற்கு என்ன செய்தது தெரியுமா? தீர்ப்பு வரும் முன்பே, அந்த வருடம் ஜனவரியில், எல்லாப் பூங்காக்களையும் இழுத்து மூடிவிட்டது. கருப்பர்களோடு பகிர்வதைவிட யாருக்குமே வேண்டாம் என்று. நீச்சல் குளத்தை மண் போட்டு மூடினார்கள், மிருகக் காட்சிசாலையின் மிருகங்களை விற்றார்கள். பூங்காக்கள் மறுபடி திறந்தது 1965-ல். ஆறு வருடம் வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கும் ஊஞ்சல் இல்லை! தன் மூக்கை அறுத்துக்கொண்டு அடுத்தவனுக்குச் சகுனத்தடை செய்வது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதைத் தீர்மானம் போட்டுச் செய்த நகராட்சி அது.

வழக்கு அதோடு முடியவில்லை. பள்ளிகளில் கருப்புப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொன்னதும் வெள்ளையருக்கென்றே தனியார் பள்ளிகள் முளைத்தன. அந்தப் பள்ளிகளுக்கு நகராட்சி தன் மைதானங்களை விளையாடக் கொடுத்தது. கில்மோர் பெயரிலான அதே வழக்கு மறுபடி நடந்து, 1974-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பாகுபாடு காட்டும் பள்ளிகளுக்குப் பொது மைதானங்களைத் தனியுரிமையாக ஒதுக்கக் கூடாது என்பது முடிவானது. சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு அது. சமையல்காரம்மாவின் குடும்பப் பெயர் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கேக் செய்முறையோடு இதைச் சேர்த்துப் படித்த ஞாபகம் யாருக்காவது இருக்கிறதா?

1990 மார்ச்சில், செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடந்த பேரணியின் 25-ம் ஆண்டு நினைவுக்கு ஊரில் ஏற்பாடுகள் நடந்தன. வரப்போகிறவர்களுக்காகக் கில்மோர் கோழியும் மாக்கரோனியும் சமைத்துக்கொண்டிருந்தார். அந்த நாளிலேயே இறந்துபோனார். வயது 70. அவர் சமைத்து வைத்திருந்ததையே துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வீட்டார் பரிமாறினார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கேக்கே சுடக் கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாகச் சுடுங்கள். ஆனால் கில்மோர் எந்தக் கேக்கையும் சும்மா கொடுத்ததில்லை, அதை மறக்க வேண்டாம். அவருடைய கேக்குக்கு விலை இருந்தது, விற்ற காசு போய்ச் சேர ஓர் இடம் இருந்தது, அந்த வாரத் தொகை எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்கப்பட்டது. வகுப்பறையில் படம் காட்டி, ஆளுக்கொரு துண்டு கொடுத்து, கைதுடைத்துவிட்டுப் போவதில் இந்த மூன்றும் இல்லை. அடுத்த பிப்ரவரியில் அவர் பெயரில் கேக் சுடுகிற பள்ளிக்கூடங்களும் சர்ச்சுகளும் அதற்கு ஒரு விலை போடட்டும். ஜாமீன் கட்டப் பணமில்லாமல் சிறையில் கிடக்கிறவர், வாடகை பாக்கியால் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டவர், வழக்கு நடத்த வக்கீல் கிடைக்காதவர் என்று அந்தந்த ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். காசு அவர்களுக்குப் போகட்டும். எவ்வளவு விற்றது என்பதைச் சத்தமாக வாசிக்கட்டும். வாங்கியவர்களின் பெயரை மட்டும் எங்கேயும் எழுத வேண்டாம்.